பிள்ளை யாரிடம் இருக்கும்? சிங்கப்பூர்க் குடும்ப நீதிமன்றம் முடிவெடுக்கும் விதம்

மணமுறிவுக்காக வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "கஸ்டடி எனக்குக் கிடைக்குமா?" என்பதுதான். கேட்பவர் மனத்தில் ஓடுவது வேறு. பிள்ளை ராத்திரி யார் வீட்டில் படுக்கும், காலையில் சீருடை மாட்டிப் பள்ளிக்கு அனுப்பப் போவது யார் என்பதே அவர் கவலை. சிங்கப்பூர்ச் சட்டம் கஸ்டடி என்று சொல்வது அதை இல்லை. இந்தக் குழப்பத்தோடு வழக்கைத் தொடங்குகிறவர்கள், பெரும்பாலும் தானாகவே கிடைக்கக்கூடிய ஒன்றுக்காக மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றுவிட்டு, பிள்ளையின் அன்றாடத்தைத் தீர்மானிக்கும் விஷயத்தில் கோட்டை விடுகிறார்கள்.

மூன்று தனித்தனி முடிவுகள்

கஸ்டடி என்பது பிள்ளையின் வாழ்க்கையில் வரும் பெரிய முடிவுகளை எடுக்கும் அதிகாரம். எந்தப் பள்ளி, எந்தச் சமயம், பெரிய மருத்துவச் சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பவை இதில் அடங்கும். நம் வீடுகளில் இது எங்கே உரசும் என்றால், அப்பா இந்து, அம்மா கிறிஸ்துவர், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்ற இடத்தில். அல்லது, தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்டுக் கல்வி அமைச்சுக்கு விண்ணப்பிக்கலாமா என்ற இடத்தில். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெயர் மறைத்து வெளியிடப்பட்ட ஒரு தீர்ப்பில், மணவாழ்க்கை முறிந்தாலும் பெற்றோர் பொறுப்பு இருவருக்கும் தொடர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு வழக்கமாகக் கிடைப்பது கூட்டுக் கஸ்டடி. சில வழக்குகளில் கஸ்டடி பற்றி உத்தரவே போடாமல் விடுவதும் உண்டு. அப்படி விட்டால் உரிமை போய்விட்டது என்று பதற வேண்டாம், இருவரிடமும் அது அப்படியே இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் கஸ்டடி என்பது, பிள்ளையைத் துன்புறுத்தியது போன்ற விதிவிலக்கான நிலைகளில்தான்.

பிள்ளை யாரோடு வசிக்கும், அன்றாடம் யார் பார்த்துக்கொள்வார் என்பதற்குப் பெயர் கேர் அண்ட் கன்ட்ரோல். உண்மையான வழக்கு நடப்பது இதன்மேல்தான். இதை ஒருவருக்குத் தருவதே அதிகம். இருவருக்கும் பகிர்ந்து கொடுப்பதும் உண்டு, ஆனால் சரிபாதிதான் நியாயம் என்ற அனுமானம் சட்டத்தில் கிடையாது. இரண்டு வீடுகளுக்கும் பள்ளிக்கும் இடையே எவ்வளவு தூரம், பிள்ளையின் வயதென்ன, வாரத்தில் நான்கு தடவை சண்டை போடாமல் பேசிக்கொள்ள இவர்களால் முடியுமா என்று பார்ப்பார்கள். தீவின் கிழக்கே பாசிர் ரிஸில் ஒருவரும் மேற்கே ஜூரோங் வெஸ்டில் மற்றவரும் இருந்துகொண்டு, தொடக்கநிலை 1 பிள்ளையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிக்கொள்ளலாம் என்ற திட்டம் காகிதத்தில்தான் அழகாக இருக்கும். இன்னொன்றையும் சேர்த்து யோசியுங்கள்: பகிர்ந்த கேர் அண்ட் கன்ட்ரோல் இருக்கும்போது, பிள்ளையைக் குடும்ப உறுப்பினராகக் காட்டி வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கு விண்ணப்பிக்க, முன்னாள் துணையின் எழுத்துபூர்வ ஒப்புதல் தேவைப்படும்.

மூன்றாவது ஆக்சஸ். பிள்ளையோடு வசிக்காத பெற்றோர் பிள்ளையோடு செலவிடும் நேரம் அது. பின்னால் வரும் சண்டைகளில் பாதிக்குமேல் இங்கிருந்துதான் கிளம்பும் என்பதால், அதைத் தனியாகப் பார்ப்போம்.

'தகுதியான பெற்றோர்' என்று ஒரு பட்டியல் இல்லை

மணமுறிவு வழக்குகளுக்கான சட்டமான மாதர் சாசனத்தின் 125ஆம் பிரிவு, பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது. பெற்றோர் இருவரின் விருப்பத்தையும், தானாக யோசித்துச் சொல்லும் வயது வந்திருந்தால் பிள்ளையின் விருப்பத்தையும் கவனிக்கச் சொல்கிறது. மணமுறிவு வழக்கு இல்லாமல் பிள்ளை விவகாரம் மட்டும் வந்தால் பயன்படும் 1934ஆம் ஆண்டுச் சட்டமும் நலனையே முதலில் வைக்கிறது. இத்தனை புள்ளி எடுத்தால் தகுதி உண்டு என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆகவே 'நான் நல்லவன், அவள் கெட்டவள்' என்று எழுதப்படும் முப்பது பக்க வாக்குமூலங்களில் பெரும்பகுதி வீண் மை.

நீதிபதி தேடுவது சாதாரண விவரங்களை. பாலர் பள்ளியில் கை, கால், வாய்ப்புண் நோய் பரவி, பிள்ளை ஒரு வாரம் வீட்டில் இருக்க வேண்டி வந்தபோது விடுப்பு எடுத்தது யார்? பலதுறை மருந்தகத்தில் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனது யார்? பள்ளி அனுப்பும் செய்திகளுக்குப் பதில் போடுவது யாருடைய கைப்பேசி? பிள்ளைக்கு எந்த உணவு ஒவ்வாது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லத் தெரிகிறதா? இதற்கெல்லாம் சான்று இருக்கிறது: பள்ளியின் பதிவுகள், மருந்தகச் சீட்டுகள், விடுப்பு விண்ணப்பங்கள், துணைப்பாட ஆசிரியருடன் பரிமாறிய செய்திகள். இப்படிப்பட்ட நான்கு தாள்கள், உறவினர்கள் பத்துப் பேர் எழுதிக்கொடுக்கும் நற்சான்றிதழைவிட எடை கூடியவை.

அடுத்தது, தொடர்ச்சி. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஏற்பாட்டைக் காரணமில்லாமல் கலைக்க நீதிமன்றம் தயங்கும். அண்ணன் தங்கையைப் பிரிப்பதற்கும் தயங்கும். இனி யார் உதவி இருக்கிறது என்பதும் கேள்விக்கு வரும். இல்லப் பணிப்பெண்தான் நாள் முழுவதும் பார்த்துக்கொள்கிறார் என்றால் அது ஒன்றும் குற்றமில்லை, இங்கே பாதி வீடுகளில் அப்படித்தான். ஆனால் அவருக்கு மேல் மேற்பார்வை யாருடையது, அவர் ஊருக்குப் போகும் இரண்டு வாரம் யார் வருவார் என்பதற்குப் பதில் வேண்டும். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், தன் பணிநேர அட்டவணையையும், அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் பெயரையும் முன்வைத்தால் பேச்சு சுலபமாகும்.

பலர் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான்: மற்றவரோடு பிள்ளைக்கு இருக்கும் உறவை நீங்கள் காப்பாற்றுவீர்களா? தொலைபேசியை எடுக்காமல் விடுவது, 'அப்பா நம்மை விட்டுட்டுப் போயிட்டாரு' என்று திரும்பத் திரும்பச் சொல்வது, அம்மா வருகிற நேரம் பார்த்துப் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போவது. இவை வெளியே தெரியாது என்று நினைப்பார்கள். குறுஞ்செய்திகளில் எல்லாம் தெரிந்துவிடும். சில வழக்குகளில், நன்றாகவே பார்த்துக்கொள்ளும் ஒரு பெற்றோரைச் சறுக்கவைப்பது இந்த வீம்பு மட்டும்தான்.

சின்னக் குழந்தை என்றால் அம்மாவுக்குத்தான் என்ற பேச்சில் உண்மை பாதிதான். கைக்குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பு கவனிக்கப்படும், ஆனால் அது அசைக்க முடியாத விதி இல்லை. அன்றாடம் வளர்த்தது அப்பா என்றால் அவரிடமே விடப்படலாம். அதிகச் சம்பளம் உள்ளவருக்கே பிள்ளை என்பதும் தவறு. பணக் குறையைச் சரிக்கட்டத்தான் ஜீவனாம்சம் இருக்கிறது. கள்ளத்தொடர்பைப் பற்றிய பக்கங்களும், பிள்ளை அதனால் நேராகப் பாதிக்கப்பட்டிருந்தால் தவிர, இந்தக் கேள்வியில் எடுபடாது.

எடுபடுவது எவை? அடி உதை, பிள்ளையின் கண்முன் நடக்கும் வன்முறை, போதைப்பொருள், குடித்துவிட்டுப் பிள்ளையோடு வண்டி ஓட்டுவது, சின்னப் பிள்ளையைத் தனியே பூட்டிவிட்டுப் போவது. 2025 ஜனவரியிலிருந்து நடப்பிலுள்ள திருத்தப்படி, குடும்ப வன்முறை என்பதற்குள் உடல், பாலியல் துன்புறுத்தலோடு மன, உணர்வு ரீதியான துன்புறுத்தலும் வெளிப்படையாக வருகிறது. ஆபத்து இருந்தால் மணமுறிவு வழக்குக்குக் காத்திருக்காமல் தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு உடனே விண்ணப்பிக்கலாம். அதே சமயம், கஸ்டடி வழக்குக்கு வலுச்சேர்க்கவே பொய்யாக ஒன்று போடப்பட்டால், நீதிபதிக்கு அது புரிய ரொம்ப நேரம் ஆகாது.

மனநோய் தனிக்கதை. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுவதால் மட்டும் யாரும் தகுதி இழப்பதில்லை. சிகிச்சைக்கு ஒழுங்காகப் போகிறவர், நோயை மறைத்து மருந்தை நிறுத்தியவரைவிட நல்ல நிலையில் இருப்பார். மனநல மருத்துவமனைப் பதிவு வெளியே வந்துவிடுமோ என்று பயந்து சிகிச்சையை விடுவது, இரண்டு வழியிலும் நட்டம்.

வழக்கு நகரும் பாதை

முஸ்லிம் தம்பதியர் என்றால் மணமுறிவு ஷரியா நீதிமன்றத்தில் நடக்கும், பிள்ளை பற்றிய உத்தரவையும் அதுவே போடலாம். அதன் அனுமதியோடு பிள்ளை விவகாரத்தைக் குடும்ப நீதிமன்றத்துக்குக் கொண்டுவரவும் வழி உண்டு. மற்றவர்களுக்கு 2014 அக்டோபரில் தொடங்கப்பட்ட குடும்ப நீதிமன்றங்கள்.

21 வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால், மனு போடுவதற்கு முன்பே கட்டாய கோ-பேரன்டிங் (பிரிந்த பிறகும் சேர்ந்து பிள்ளை வளர்ப்பது) நிகழ்ச்சியை முடிக்க வேண்டும். மனுவோடு பேரன்டிங் பிளான் என்ற பிள்ளை வளர்ப்புத் திட்டமும் போகும். ஒத்துக்கொண்டால் இருவருக்கும் ஒரே திட்டம், இல்லையென்றால் ஒவ்வொருவரும் தன் யோசனையை எழுத வேண்டும். இதை ஏதோ படிவம் நிரப்புவது போல ஐந்து நிமிடத்தில் கிறுக்கிக் கொடுக்கிறார்கள். எங்கள் கணிப்பில், மொத்த வழக்கிலும் அதிகக் கவனம் கேட்கும் தாள் இதுதான்.

பிறகு ஆலோசனை, சமரசப் பேச்சு. நீதிமன்றத்தின் குடும்ப வல்லுநர் ஒருவரும், சமரசம் செய்யும் நீதிபதி ஒருவரும் இதை நடத்துவார்கள். அங்கே பேசியது ரகசியம். சமரசம் முறிந்தால், 'அன்றைக்கு நீ வார இறுதி போதும் என்றாயே' என்று விசாரணையில் எடுத்துக்காட்ட முடியாது. அதனால் அங்கே மனம்விட்டுப் பேசலாம். பெரும்பாலான நல்ல ஏற்பாடுகள் பிறப்பதும் அந்த அறையில்தான், ஏனென்றால் எந்த பஸ்ஸில் ஏறுவது, எந்த நாள் சிலம்ப வகுப்பு என்பதெல்லாம் தெரிந்த இரண்டு பேர் அங்கேதான் எதிரெதிரே உட்காருகிறார்கள்.

ஒத்துவராவிட்டால் பிரமாண வாக்குமூலங்கள். இந்தக் கட்டத்தில் தீர்ப்பு பெரும்பாலும் எழுத்துச் சான்றையும் வாதத்தையும் வைத்தே வரும். சினிமாவில் வருவதுபோல கூண்டில் ஏற்றி மடக்கும் காட்சிக்குக் காத்திருக்காதீர்கள். தேவைப்பட்டால் நீதிபதி, பிள்ளை பற்றிய மதிப்பீட்டு அறிக்கை கேட்பார். அதிகாரி இரு வீட்டையும் பார்த்து, பெற்றோரிடமும் பிள்ளையிடமும் ஆசிரியரிடமும் பேசுவார். அந்த அறிக்கை பெரும்பாலும் நீதிபதியின் கண்ணுக்கு மட்டுமே. 'பிள்ளை என்ன சொன்னான்' என்று பெற்றோர் தோண்டாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. சிக்கலான வழக்குகளில், பிள்ளைக்காகவே பேசும் பிரதிநிதி ஒருவரையும் நியமிப்பார்கள். சில நேரம் நீதிபதியே பிள்ளையை அழைத்துப் பேசுவார்.

பிள்ளையின் விருப்பம் எந்த வயதிலிருந்து செல்லும் என்று நிலையான எண் ஏதும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளை 'ஜீவனாம்சம்', 'வழக்கறிஞர்' என்ற சொற்களைப் போட்டுப் பேசினால், யார் சொல்லிக்கொடுத்தது என்றுதான் முதலில் தோன்றும். அழுகிற பிள்ளையைக் கைப்பேசியில் படம் எடுத்துச் சான்றாகக் கொடுப்பதும் எடுத்தவர் மேலேயே திரும்பும். பிள்ளை அழும்போது தூக்காமல் கேமராவைத் தூக்கியது ஏன் என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடையாது.

இடையில் செய்யக்கூடாதது ஒன்று: உத்தரவு வருவதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ போய்ப் பள்ளியையும் மாற்றிவிடுவது. வன்முறைக்குப் பயந்து வெளியேறுவது வேறு. மற்றபடி அவசரம் என்றால் இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

ஆக்சஸ் உத்தரவில் எழுத வேண்டியவை

'நியாயமான அளவு சந்திப்பு' என்ற ஒற்றை வரி, ஒத்துப்போகும் இருவருக்குப் போதும். மற்றவர்களுக்கு அது வாராவாரம் புதுச் சண்டை. நாள், நேரம், இடம், கூட்டிப்போக யார் வருவார், திருப்பி விடுவது யார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஈடாக எந்த நாள், தாத்தாவோ பணிப்பெண்ணோ வந்து கூட்டிப்போகலாமா, தினமும் வீடியோவில் பேச எத்தனை மணி என்று எழுதுங்கள். புளோக்கின் கீழே உள்ள திறந்த தளமான வாய்ட் டெக்கில் என்பதைவிட, எந்த மின்தூக்கி அருகில் என்று எழுதியவர்களும் உண்டு. சிரிப்பு வரலாம், ஆனால் அந்த வீட்டில் சண்டை நின்றது.

பள்ளி விடுமுறை மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம், ஜூனில் நான்கு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம். பாதிப்பாதி என்று மட்டும் எழுதினால், முதல் பாதி யாருக்கு என்று அடித்துக்கொள்வீர்கள். ஒற்றைப்படை ஆண்டில் ஒருவருக்கு, இரட்டைப்படையில் மற்றவருக்கு என்று முடித்துவிடுங்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ. எழுதும் ஆண்டுக்கு மட்டும் தனி ஏற்பாடு சிலருக்குத் தேவைப்படும்.

பண்டிகைகளில் நம்மவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. உத்தரவில் 'பொது விடுமுறை நாட்கள் மாறி மாறி' என்று இருந்தால் தீபாவளி அடங்கிவிடும். பொங்கல் அடங்காது. தைப்பூசமும் 1968க்குப் பிறகு இங்கே பொது விடுமுறை இல்லை. பிள்ளை பால்குடம் எடுக்க வேண்டும், ஜனவரியில் பாட்டி வீட்டில் பொங்கல் வைக்க வேண்டும் என்றால் அந்த நாட்களைப் பெயர் சொல்லியே எழுத வேண்டும். தீபாவளியையும் உடைக்கலாம்: எண்ணெய்க் குளியலும் காலைச் சாப்பாடும் ஒரு வீட்டில், பிற்பகல் 2 மணியிலிருந்து மற்ற வீட்டில், அடுத்த ஆண்டு தலைகீழ்.

பிள்ளையின் பாதுகாப்பில் ஐயம் இருந்தால், அல்லது பிள்ளை அந்தப் பெற்றோரை ரொம்ப நாள் பார்க்காமல் இருந்தால், மேற்பார்வையோடு கூடிய சந்திப்புக்கு உத்தரவிடுவார்கள். நியமிக்கப்பட்ட சமூக சேவை அமைப்பின் இடத்தில், பணியாளர் ஒருவர் உடனிருக்க நடக்கும். அதை அவமானமாக எடுத்துக்கொண்டு வராமல் இருப்பவர்தான் கடைசியில் தோற்கிறார். தவறாமல் வந்து போனால், சில மாதங்களில் மேற்பார்வையை விலக்கக் கேட்க அந்த வருகைப் பதிவே கைகொடுக்கும்.

ஊருக்குக் கூட்டிப்போவது

கஸ்டடி அல்லது கேர் அண்ட் கன்ட்ரோல் உத்தரவு இருக்கும்போது, பெற்றோர் இருவரின் எழுத்துபூர்வ சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் பிள்ளையைச் சிங்கப்பூருக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. மாதர் சாசனத்தின் 126ஆம் பிரிவு இது. கஸ்டடியோ கேர் அண்ட் கன்ட்ரோலோ உள்ளவர் ஒரு மாதத்துக்குக் குறைவான பயணத்துக்குக் கூட்டிப்போகலாம் என்பது விதிவிலக்கு. ஜொகூருக்கு ஒரு நாள், திருச்சிக்கு மூன்று வாரம் என்றால் அவருக்குச் சிக்கல் இல்லை. ஆண்டிறுதியின் ஆறு வாரத்தையும் தஞ்சாவூரில் கழிக்க நினைத்தால் கையெழுத்து வேண்டும். ஆக்சஸ் மட்டும் உள்ளவருக்கு இந்த விதிவிலக்கு தானாகக் கிடையாது. மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்தியா விஷயத்தில் நீதிபதிகள் கூடுதல் கவனம் காட்டக் காரணம் உண்டு. பிள்ளையைக் கடத்திச் சென்றால் திருப்பி அனுப்ப வகைசெய்யும் ஹேக் உடன்படிக்கை சிங்கப்பூரில் 2011 முதல் நடப்பில் உள்ளது. இந்தியா அதில் சேரவில்லை. பிள்ளை அங்கே தங்கிவிட்டால் அந்த வழி உதவாது. எனவே திரும்பும் பயணச்சீட்டு, தங்கும் முகவரி, அங்கே தொடர்புகொள்ளும் எண் ஆகியவற்றை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். நிரந்தரமாக வேறு நாட்டுக்குக் குடிபெயர்வதற்கு விண்ணப்பித்தால் அதையும் பிள்ளை நலனை வைத்தே அளப்பார்கள். இங்கேயே தங்கும் பெற்றோரோடு உள்ள உறவு எவ்வளவு சேதமாகும் என்பது அதில் பெரிய கேள்வி.

பணமும் சந்திப்பும் வேறு வேறு

'காசு கொடுக்கலைன்னா பிள்ளையைக் காட்ட மாட்டேன்', 'பிள்ளையைக் காட்டலைன்னா காசு கிடையாது'. இரண்டும் செல்லாது. பிள்ளைக்கான ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை, ஆக்சஸும் பிள்ளையை முன்வைத்த உத்தரவு. ஒன்றை மற்றவர் மீறினால் அதற்குரிய அமலாக்க மனு போடுங்கள், இன்னொன்றைப் பணயம் வைக்காதீர்கள். சந்திப்பைத் தடுத்தால் இழந்த நாட்களுக்கு ஈடான சந்திப்பு, வீணான செலவுக்கு இழப்பீடு, ஆலோசனைக்கு அனுப்புவது, பிணைப்பத்திரம் என்று படிப்படியாக நடவடிக்கைகள் உண்டு. கடைசிப் படியில் அபராதமும் சிறையும் இருக்கின்றன. தடுத்த ஒவ்வொரு தடவைக்கும் தேதி, நேரம், வந்த செய்தி ஆகியவற்றைக் குறித்துவைத்திருந்தால்தான் மனு நிற்கும். 'எப்பவுமே விட மாட்டாங்க' என்ற வரி நிற்காது.

இருவருமே முடியாத நிலை

விதிவிலக்கான சூழ்நிலையில், பெற்றோர் இருவரிடமும் விட முடியாது என்று தெரிந்தால், உறவினரிடமோ தகுந்த வேறொருவரிடமோ பிள்ளையை ஒப்படைக்கச் சட்டம் இடம் தருகிறது. இதைத் தவிர, தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளையைக் கேட்டுப் பெறும் உரிமை பெற்றோருக்கு உள்ளதுபோல் இல்லை. மகனுடைய ஆக்சஸ் நேரத்துக்குள் அவர்களும் பார்த்துக்கொள்வதுதான் நடைமுறை.

துன்புறுத்தல், கவனிப்பின்மை என்ற புகார்கள் வேறு பாதையில் போகும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சிறுவர், இளையர் சட்டம் இருக்கிறது. சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு விசாரித்து, தேவைப்பட்டால் இளையர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும். அங்கே வாதி கணவனோ மனைவியோ அல்ல. வீட்டில் வைத்தே மேற்பார்வை செய்வது முதல், உறவினரிடமோ வளர்ப்புக் குடும்பத்திடமோ விடுவது வரை உத்தரவுகள் உண்டு.

உத்தரவு வந்த பிறகு

மேல்முறையீட்டுக்குக் கெடு மிகக் குறுகியது, 14 நாட்கள். நேரில் பார்த்து முடிவெடுத்த நீதிபதியின் கணிப்பை மேல் நீதிமன்றம் எளிதில் மாற்றாது. நாளாக நாளாக நிலைமையே மாறிவிட்டால் அது வேறு. மூன்று வயதில் போட்ட அட்டவணை பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது, வேலை மாறும், வீடு மாறும். அப்போது உத்தரவைத் திருத்தக் கேட்கலாம், மாற்றம் உண்மையானது என்று காட்ட வேண்டும்.

வழக்கின் ஆவணங்களைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். விசாரணை மூடிய அறையில் நடப்பது பிள்ளையை மறைக்கத்தான், வெளியாகும் தீர்ப்புகளிலும் பெயருக்குப் பதில் எழுத்துகளே இருக்கும். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு. ஆனால் பாட்டி தமிழில் எழுதிக்கொடுத்த கடிதமும், தமிழில் வந்த வாட்ஸ்அப் செய்திகளும் சான்றாகப் போக வேண்டுமானால் ஆங்கிலத்தில் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். பக்கக் கணக்கில் செலவாகும் என்பதால், எந்தச் செய்திகள் உண்மையில் தேவை என்று வழக்கறிஞரோடு உட்கார்ந்து பொறுக்கி எடுத்த பிறகு மொழிபெயர்க்கக் கொடுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவிப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். வருமானமும் சொத்தும் அவர்கள் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதற்கே சில வாரங்கள் பிடிக்கலாம் என்பதால் முதல் தேதி நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.